இன்ஜினைக் கடைசியாகத் தொடுங்கள்: பழைய ஜீப்பை வீட்டிலேயே பராமரிக்கும் முறை

வண்டி இழுக்கவில்லை, ஏற்றத்தில் சூடாகிறது, காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, புகை விடுகிறது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய இந்த நான்குக்குள் அடங்கிவிடும். நான்கில் எதைச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவர் ‘இன்ஜின் வேலை வந்துடுச்சு’ என்பார். வண்டிக்காரரும் நம்பிவிடுவார். இந்த அத்தியாயம் அதற்கு எதிரான வரிசையைச் சொல்கிறது. முதலில் பிரேக், அடுத்து தண்ணீர், பிறகு காற்றும் டீசலும், அதன்பின் கிரீஸும் ஸ்டீயரிங்கும். இவ்வளவும் முடிந்த பிறகும் குறை தீராவிட்டால்தான் இன்ஜின். காரணம் எளியது. அந்த நான்கு குறைகளுமே இன்ஜினுக்கு வெளியிலிருந்து வர முடியும். வெளியே உள்ளதைப் பார்க்கச் சில ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சம் பணமும் போதும். வெளிக்குறையைத் தீர்க்காமல் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தால், அதே அடைத்த ரேடியேட்டரும் அதே ஓட்டை ஏர் ஹோஸும் புது ரிங்கையும் பிஸ்டனையும் பழையபடி தின்னத் தொடங்கும்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

மகிந்திரா நிறுவனம் 1947 இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சிஜே வகைகள், பெஜோ டீசல் இன்ஜினோடு வந்த எம்எம் 540, பிறகு வந்த மேஜர், கமாண்டர், மார்ஷல், அர்மடா ஆகியவைதான் நம் திண்டுக்கல் பக்கத்தில் இன்றும் ஓடுகின்றன. சிறுமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற மலைப்பாதைகளில் சரக்கும் ஆளும் ஏற்றி உழைத்துக் கீழே வந்த வண்டிகளை நத்தம், வேடசந்தூர், ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர்கள் வாங்கிப் பயன்படுத்துவதுண்டு. இவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்யும். பெரும்பாலான பாகங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கின்றன. வீட்டில் வேலை பார்க்க இதைவிட ஏற்ற நான்கு சக்கர வண்டி இல்லை. 2010 இல் வந்த தார் வண்டியின் சிஆர்டிஇ வகைக்கு இங்கே சொல்லும் பிரேக், தண்ணீர், கிரீஸ் பகுதிகள் பொருந்தும். டீசல் பகுதி பொருந்தாது. அந்த வகை இன்ஜினில் டீசல் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதன் நட்டை வீட்டில் தளர்த்தவே கூடாது.

‘நல்ல மெக்கானிக் இருக்கும்போது நாமே ஏன் கையை அழுக்காக்க வேண்டும்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அரமும் லேத்தும் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. டிரம் கடைவது, புஷ் கடைந்து போடுவது, போரிங் போன்றவற்றை அவர்களிடம்தான் விட வேண்டும். ஆனால் மெக்கானிக் வண்டியைப் பார்ப்பது குறை முற்றிய பிறகு, அதுவும் சிறிது நேரம். நேற்று இல்லாத ஆயில் துளி இன்று தரையில் இருப்பதும், பெடல் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கீழே போவதும் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். குறையை முன்னதாகக் கண்டுபிடிப்பதும், எளிய வேலையை முடிப்பதும், பெரிய வேலைக்குச் சரியான தகவலோடு போவதும் உங்கள் பங்கு.

வேலை தொடங்கும் முன்: வண்டி உங்கள் மேல் விழக்கூடாது

பழைய ஜீப் பலவற்றில் கை பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் சிறிய டிரம்தான் அதன் கை பிரேக். தரையில் நிற்கும்போது அது போதும். ஆனால் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் வண்டியின் கை பிரேக் எந்த வகை என்பதை முதலிலேயே கீழே குனிந்து பார்த்துவிடுங்கள்.

1. சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். செம்மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான மரப்பலகை வையுங்கள்.
2. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கை பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.
3. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள்.
4. தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து, ஜாக்கியை இறக்கிப் பாரத்தை அவற்றின் மேல் உட்கார வையுங்கள்.
5. படுப்பதற்கு முன் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அவை சுவரில் சீராகப் பரவும் பாரத்தைத் தாங்கச் செய்தவை. ஒரு இரும்பு முனை அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வாங்க முடியாவிட்டால் ரயில்வே ஸ்லீப்பர் போன்ற கெட்டி மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். அதுவும் இல்லையென்றால் அன்றைக்குக் கீழே படுக்காத வேலையைப் பாருங்கள்.

குறிப்பு: மிகப் பழைய சில ஜீப்களில் ஒரு பக்கச் சக்கரங்களின் ஸ்டட் எதிர்த்திசை மரை கொண்டவை. வழக்கமான திசையில் நட்டு அசையவில்லை என்றால் குழாய் சொருகி முறுக்குவதற்கு முன் மரையைப் பாருங்கள். அவசரத்தில் ஸ்டட் உடையும்.

பிரேக்: முதல் வேலையாக ஏன்

நிற்காத வண்டி மற்றவர் உயிருக்கும் ஆபத்து என்பது ஒரு காரணம். பழைய ஜீப்புக்கே உரிய இன்னொன்றும் உண்டு. அவற்றில் பல, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன் கொண்டவை. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலோ, ஒரு குழாய் துருப்பிடித்து விட்டுப்போனாலோ நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இன்றைய கார்களில் இரண்டு தனித்தனி வழிகள் இருப்பதால், ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு நிறுத்தும். பழைய ஜீப்பில் அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

மூன்றாவது காரணம் இந்த அத்தியாயத்தின் வாதத்தோடு நேராகச் சேர்ந்தது. இழுவை இல்லை, டீசல் அதிகம் குடிக்கிறது என்ற புகாருக்குப் பிரேக்கே காரணமாக இருக்கலாம். ஷூ திரும்பி வராமல் டிரம்மை உரசிக்கொண்டே இருந்தால் இன்ஜின் எப்போதும் ஒரு பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஏற்றத்தில் அது சூடாகவும் தெரியும். சோதிப்பது எளிது. சமதரையில் நியூட்ரலில் விட்டால் வண்டி ஒரு ஆள் தள்ளி நகர வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, நான்கு டிரம்மின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் குறை அங்கே இருக்கிறது. ஷூ உரசலாக இருக்கலாம், வீல் பேரிங் இறுக்கமாகவும் இருக்கலாம்.

பிரேக்கைப் பிரிப்பதற்கு முன் பெடலே பாதி விவரம் சொல்லிவிடும். இன்ஜினை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்காவது ஒழுகல் இருக்கிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று மிதியில் மேலே வந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது.

டிரம்மைக் கழற்றிப் பார்க்கும் வரிசை:

1. அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம் வரவில்லை என்றால் மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். இரும்புச் சுத்தியால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.
2. உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.
3. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் மாற்ற வேண்டும். சிலிண்டர் உள்சுவரில் குழிகள் இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.
4. லைனிங்கில் ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. கூட மிச்சம் இல்லையென்றால் மாற்றுங்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவித் திரும்பப் போடுவது தவறு. சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும்.
5. ஒரு பக்கம் ஷூ மாற்றினால் அதே ஆக்சிலின் மறுபக்கமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.
6. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று பார்க்க மறுபக்கம் வேண்டும்.
7. மாட்டியதும் டிரம் சற்றே உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருகி, உரசல் நிற்கும் அளவுக்குப் பின்னால் விடுங்கள்.

உள்ளே ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சில் சீல் வழியாக வந்த கியர் ஆயிலா என்று தெரிய வேண்டும். ஒரு துளியை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் ஆயில் மேலே மிதக்கும். இதைப் பார்க்காமல் வீல் சிலிண்டரை மாற்றிவிட்டு, இரண்டு மாதத்தில் மறுபடி லைனிங் நனைந்தது என்று வருத்தப்படுவது பலருக்கும் நேர்கிறது.

பிரேக் ஆயில் தண்ணீரோடு கலக்கும் என்பதில்தான் அடுத்த ஆபத்தும் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி 140 டிகிரியைத்தான் கேட்கிறது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையோ கொடைக்கானல் மலைப்பாதையையோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கடுமையாகச் சூடேறும். பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆயில் குறையவே இல்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது. அளவு சரியாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும்.

காற்றை எடுக்க இன்னொருவர் தேவை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். அவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிறகு மாஸ்டர் சிலிண்டரில் அளவைப் பாருங்கள். சில ஜீப்களில் அதன் மூடி கால்வைக்கும் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடைசியாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்காமல் ரோட்டுக்குப் போகக்கூடாது.

தண்ணீர்: நம் போர்வெல் செய்யும் வேலை

‘இத்தனை வருஷமா போர் தண்ணிதான் ஊத்துறோம், வண்டி ஓடத்தானே செய்யுது’ என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். வண்டி ஓடியது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் உள்ளே என்ன செய்திருக்கிறது என்பதற்குச் சான்று உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரிலேயே இருக்கிறது. கடின நீரைச் சூடாக்கினால் அதிலுள்ள உப்புகள் வெள்ளைப் பாறையாகப் படியும். இன்ஜின் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இதேதான் நடக்கிறது. குறைந்த தண்ணீருக்கு ஈடாக மேலும் மேலும் போர் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் புது உப்பு உள்ளே போகிறது. மழைக்காலத்தில் தாங்கிய வண்டி, சித்திரை வெயிலில் ஏற்றத்தில் கொதிப்பதற்கு இந்தப் படிவு போதும். அப்போது ஹெட் கேஸ்கெட் போகிறது, இன்ஜின் பிரிக்கப்படுகிறது, காரணமான ரேடியேட்டர் அப்படியே திரும்ப மாட்டப்படுகிறது.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைப்பது இன்னொரு பிழை. அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைக்கிறது. 7 பிஎஸ்ஐ மூடி நல்ல நிலையில் இருந்தால் சமவெளியில் தண்ணீர் 111 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரப்பர் போன மூடியில் அது 100 டிகிரி ஆகிவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். வத்தலக்குண்டு தாண்டி மேலே போகப் போகக் கெட்ட மூடி வண்டியைக் கொதிநிலைக்கு இன்னும் நெருக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மலையில் மட்டும் சூடாகும் வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியது மூடி. பழைய எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள். அதிக அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டு விட்டுப்போகும்.

1. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.
2. உள்ளே பாருங்கள். துரு நிறம் என்றால் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.
3. ரேடியேட்டர் குழாயையும் இன்ஜின் பிளாக்கின் வடிகுழாயையும் திறந்து வடியுங்கள். பிளாக்கை வடிக்காமல் விட்டால் பாதி அழுக்கு உள்ளேயே தங்கும்.
4. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக ஹோஸ் வைத்துத் தெளியும் வரை அலசி, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்.
5. ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று ஊதியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ கிளிப்போடு மாற்றுங்கள்.
6. ரேடியேட்டர் இதழ்களில் அடைத்த பூச்சியையும் புழுதியையும் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீரால் தள்ளுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பட்டால் இதழ் மடங்கும்.
7. ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 12 மி.மீ. உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் இறுக்குங்கள். விரிசல் இருந்தால் மாற்றுங்கள்.
8. டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடி இன்ஜினை ஓடவிட்டுக் காற்று வெளியேறியதும் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை அளவை மறுபடி பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது, புகை கூடும், ஆயிலில் கரி சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே மூட வேண்டும். அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டைக் கூட்டும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, இல்லையென்றால் புதிது வாங்குங்கள். ரேடியேட்டருக்குள் ஆசிட் ஊற்றுவதும் கூடாது. படிவோடு சேர்த்துப் பித்தளையையும் ஒட்டையும் அது அரிக்கும். அடைப்பு கடுமையாக இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தருவார்கள்.

வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் குடித்துவிடும். அது கொடிய விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

காற்றும் டீசலும்

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. ஆகவே ஸ்டார்ட் ஆகாத வண்டியில் ‘கம்ப்ரஷன் போச்சு’ என்று சொல்வதற்கு முன் செல்ஃப் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கேட்க வேண்டும். பேட்டரி சோர்ந்தாலோ, எர்த் வயரின் முனை துருப்பிடித்தாலோ இன்ஜின் மெதுவாகச் சுற்றும். காற்று போதுமான அளவு சூடாகாது. நல்ல சிலிண்டரும் தேய்ந்த சிலிண்டர் போல நடந்துகொள்ளும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எம்எம் 540 போன்ற ஹீட்டர் பிளக் உள்ள வண்டிகளில் அந்த பிளக்குகளையும் சோதியுங்கள்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் காலையில் மட்டும் தகராறு செய்தால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி ஓடியிருக்கிறது. டேங்குக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று புகுகிறது. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே போக முடியும். பழைய ரப்பர் டியூப், தேய்ந்த வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் ரிங் ஆகியவற்றை மாற்றிவிட்டுக் காற்றை எடுங்கள்:

1. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.
2. ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரைக் குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை அடித்து, வழியும்போதே இறுக்குங்கள். அதையே பம்பின் ஸ்க்ரூவிலும் செய்யுங்கள்.
3. அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃபைச் சுற்றி, டீசல் துளிர்த்ததும் இறுக்குங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

எச்சரிக்கை: இன்ஜெக்டரிலிருந்து டீசல் நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் பீய்ச்சுகிறது. கையை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலச் சிறிய புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். பம்பின் சீல் வைத்த ஸ்க்ரூக்களையும் தொட வேண்டாம். அவை பம்ப் பெஞ்சில் வைத்துச் சரிசெய்யப்பட்டவை.

காற்றுப் பக்கம் இன்னும் முக்கியம். பழைய ஜீப்பில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள ஏர் கிளீனர் இருக்கும். அறுவடை முடிந்த காட்டுப் பாதையில் ஓடினால் அந்த எண்ணெய் சில வாரங்களில் சேறாகிவிடும். அதன் பிறகு புழுதி இன்ஜினுக்குள் போய் ரிங்கைத் தேய்க்கிறது. இன்ஜின் உண்மையிலேயே தேய்வதற்கு முக்கியக் காரணமும் இதுவே. கிண்ணத்தைக் கழுவி, கோடு வரை மட்டும் புது எண்ணெய் விடுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்துக் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடக்கூடும். சாவியோ ஸ்டாப் ஒயரோ அதை நிறுத்தாது. அப்படி ஆனால் காற்று போகும் வாயைத் தடித்த பலகையால் அடையுங்கள். கையால் அடைக்காதீர்கள். கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் கிளீனர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

கிரீஸ், கியர் ஆயில், ஸ்டீயரிங்

இந்தப் பகுதிக்கு விளக்கம் அதிகம் வேண்டாம், கை வேலைதான் வேண்டும். கிரீஸ் கன் வைத்து யூனிவர்சல் ஜாயின்ட், ஷேக்கிள், டை ராடு எண்ட் ஆகியவற்றின் நிப்பிள்களைத் துடைத்த பிறகு அடியுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் கிரவுன் என நான்கு இடத்திலும் ஆயில் அளவைப் பாருங்கள். வடிக்கும் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஊற்றும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கியர்பாக்ஸுக்குக் கையேட்டில் சொன்ன தர எண்ணையே வாங்குங்கள். கிரவுனுக்கு உரிய ஜிஎல்-5 ஆயில் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையத்துக்கு ஒத்துவராது. ஸ்டீயரிங் குறிப்பிட்ட வேகத்தில் கிடுகிடுவென ஆடினால் கிங் பின் பேரிங், டை ராடு எண்ட், டயர் பேலன்ஸ் என்ற வரிசையில் பாருங்கள். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் ஆட்டம் சில நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஃபோர் வீல் லிவரை உலர்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். இந்த ஜீப்களில் முன்பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும்போது அந்த முறுக்கு ஜாயின்டிலும் கியரிலும் தங்கி எதையாவது உடைக்கும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

பெரிய டயரும் இரும்பு பம்பரும்

முதல் செலவையே இதில் தொடங்குகிறவர்கள் உண்டு. பெரிய டயர், பழைய டிரம் பிரேக்கின் பிடியைக் குறைக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த ஸ்டீயரிங் மூட்டுகளுக்குப் பாரம் கூட்டுகிறது. சட்டமும் எதிராக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. முன் பாதுகாப்புக் கம்பி பொருத்தவும் 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை சொன்னது. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பார்க்கப்படுவது பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், புகை ஆகியவை. சேஸிஸ் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். துருவைத் தேய்க்கும்போது அந்த இடத்தில் கிரைண்டர் பட்டால் பெரிய சிக்கல். காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 இல் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கப்பட்டது. இவ்வளவு கட்டிப் பழைய வண்டியை வைத்திருக்க வேண்டுமா என்றால், தோட்டத்துக்கும் மலைக்கும் உண்மையில் பயன்படுகிற வண்டிக்கு வேண்டும். ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு வேண்டாம். நின்றுகொண்டே இருக்கும் ஜீப்பில் சீல் காய்கிறது, சிலிண்டர் துருப்பிடிக்கிறது, எலி வயரைக் கடிக்கிறது.

இப்போது இன்ஜின்

மேலே சொன்ன அத்தனையும் முடித்துச் சில வாரம் ஓட்டிய பிறகும் குறை இருந்தால், அப்போது இன்ஜினைச் சந்தேகிக்கலாம். அதையும் சோதித்துவிட்டே பிரிக்க வேண்டும்.

1. சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை எடுத்துப் பாருங்கள். லேசான ஆவி இயல்பு. விட்டு விட்டு வேகமாகப் புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது.
2. குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட் விரிசல் விட்டிருக்கிறது.
3. புகை நிறத்தைப் பாருங்கள். கறுப்பு, காற்று போதவில்லை அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லை. கண் எரியும் வெள்ளை, டீசல் எரியாமல் வருகிறது. தொடர்ந்து நீலம், இன்ஜின் ஆயில் எரிகிறது. முதல் இரண்டும் பம்ப் பட்டறையில் தீர வாய்ப்புண்டு; மூன்றாவது மட்டுமே நேராக உள்ளே கைகாட்டுகிறது.
4. பட்டறையில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்து எண்களை எழுதி வாங்குங்கள். நான்கும் ஒத்துக் குறைந்திருப்பது வேறு, ஒன்று மட்டும் சரிந்திருப்பது வேறு. ஒன்று மட்டும் என்றால் டாப்பெட் இடைவெளி, வால்வு என மேல்பகுதி வேலையிலேயே முடியலாம்.

இந்த எண்களோடு போனால் பட்டறையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். போரிங் செய்தே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பிஸ்டனையும் பேரிங்கையும் உங்களிடமே தரச் சொல்லுங்கள். எத்தனையாவது ஓவர்சைஸ் போட்டது, கிராங்க் கடைந்த அளவு என்ன என்பதை ரசீதில் எழுதி வாங்கி, வண்டிப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை பாகம் வாங்க அது வேண்டும். புது ரிங் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழுப் பாரத்தோடு மலை ஏற்றாதீர்கள். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டிய கேஸ்கெட்டா என்று கேட்டு அதற்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து வண்டி வந்த அன்றே ஏர் கிளீனர் ஹோஸின் கிளிப்பையும் ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்புகளையும் உங்கள் கையால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.